ஆற்காடு சாலையில் முழுக்க வாடகைக்கு விட்ட கட்டடம், 9 கோடி சொல்கிறார்கள் – கணக்கு சரியா?

மேற்கு_சென்னை கேட்டது:

வடபழனி தாண்டி ஆற்காடு சாலை மேலேயே ஒரு கட்டடம் விலைக்கு வந்திருக்கிறது. மனை ஒன்றரை கிரவுண்டு, அதாவது 3,600 சதுர அடி. தரைத்தளமும் மேலே 3 மாடியும். 2006-இல் கட்டியது. கட்டடப் பரப்பு 7,900 சதுர அடி என்கிறார் புரோக்கர். அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரில் இருக்கிறது, ஒருவர் அமெரிக்காவில். கேட்கும் விலை 9 கோடி. புரோக்கர் கொடுத்த மாத வாடகைப் பட்டியல்:

தரைத்தளம், மருந்துக் கடை – 62,000
தரைத்தளம், பேக்கரி – 48,000
தரைத்தளம் பின்பக்கம், மொபைல் சர்வீஸ் கடை – 16,000
முதல் மாடி, வங்கிக் கிளை – 1,10,000
இரண்டாம் மாடி, டியூஷன் சென்டர் – 55,000
மூன்றாம் மாடி, வீடு 1 – 24,000
மூன்றாம் மாடி, வீடு 2 – 24,000 ('லீஸ்'க்கு விட்டிருக்கிறது, 12 லட்சம்)
மொட்டை மாடி, மொபைல் டவர் – 26,000

மொத்தம் 3,65,000. வருஷத்துக்கு 43.8 லட்சம், கிட்டத்தட்ட 5% வருகிறது என்கிறார். அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 22 லட்சம் என்று வாய்வார்த்தை. 5 கோடி வங்கிக் கடன் போட்டு, கணவன் மனைவி பெயரில் வாங்க உத்தேசம். விலை சரியா, எந்தப் பேப்பரைக் கேட்க வேண்டும், வரி எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வாடகைக்கணக்கு:

அந்தப் பட்டியலில் இரண்டு வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

ஒன்று, வீடு 2. நம்மூரில் 'லீஸ்' என்றால் போக்கியம். மொத்தமாக 12 லட்சம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் இருக்க விடுவது. அந்த 24,000 யார் கைக்கும் வரவில்லை, புரோக்கர் 'இதே சைஸ் வீடு பக்கத்தில் இவ்வளவு போகிறது' என்று எழுதிச் சேர்த்தது. வருமானம் பூஜ்யம், அதோடு 12 லட்சம் திருப்பித் தர வேண்டிய கடன். இரண்டு, பின்பக்க மொபைல் சர்வீஸ் கடை. ஆற்காடு சாலையில் ஒன்றரை கிரவுண்டு கட்டடத்தின் பின்னால் 16,000 ரூபாய்க்குக் கடை என்றால் அது அநேகமாகக் கார் நிறுத்துமிடத்தில் ஷட்டர் போட்டது. பிளானைப் பார்க்கும் வரை அதை வருமானத்தில் சேர்க்காதீர்கள்.

மீதி 3,25,000. வருஷத்துக்கு 39 லட்சம். இதிலிருந்து உரிமையாளர் கையை விட்டுப் போவது (ரசீது பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், இது மாதிரிக்கு):

சொத்து வரி, இரண்டு அரையாண்டும் சேர்த்து 2.2 லட்சம். வாட்ச்மேன் 1.8 லட்சம். லிஃப்ட் பராமரிப்பு, பொது மின்சாரம், மோட்டார் 1.2 லட்சம். இன்சூரன்ஸ் 25,000. பெயின்ட், பிளம்பிங், நீர்க்கசிவு என்று ஒதுக்க வேண்டியது 1.5 லட்சம். காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு ஒரு மாத வாடகை, 3.25 லட்சம். ஆக 10.2 லட்சம். நிற்பது 28.8 லட்சம்.

செலவுப் பக்கம்: 9 கோடி விலை, 7% முத்திரையும் 2% பதிவுக் கட்டணமும் 81 லட்சம், வக்கீல், புரோக்கர் எல்லாம் 9 லட்சம். 9.9 கோடி. 28.8-ஐ 990-ஆல் வகுத்தால் 2.9%. 5% எங்கே, 2.9% எங்கே.

5 கோடிக் கடனுக்கு 9.5% என்று வைத்தால் வட்டி மட்டும் வருஷத்துக்கு 47.5 லட்சம். நிகர வாடகை முழுவதையும் கொடுத்தாலும் 18.7 லட்சம் கைக்காசு போட வேண்டும், அசல் தனி. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற பேச்சு இந்த விலையில் நடக்காது.

4% நிகரம் வேண்டுமென்றால் மொத்தச் செலவு 7.2 கோடியைத் தாண்டக் கூடாது. அப்படியானால் விலை 6.5 கோடி சுமார். அதற்கு மேல் கொடுப்பது நிலத்துக்காகக் கொடுப்பது. 9 கோடியை 3,600-ஆல் வகுத்தால் சதுர அடி 25,000. அதே சாலையில் சமீபத்தில் பதிவான பத்திரங்களைப் பார்த்து அந்த நில விலை தகுமா என்று முடிவு செய்யுங்கள். வழிகாட்டி மதிப்பை (அரசு நிர்ணயித்த நில விலை) மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், அது முத்திரைத் தீர்வைக்கான அடிப்படை, சந்தை வேறு.

வாடகை உண்மையா என்று பார்க்க, விற்பவர்களின் 12 மாத வங்கி ஸ்டேட்மென்டும் 26ஏஎஸ் அறிக்கையும் (ஒருவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறை அறிக்கை) கேளுங்கள். வங்கியும் டவர் கம்பெனியும் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் வாடகை தருவார்கள், பிடித்த தொகையிலிருந்து உண்மை வாடகையை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

---

பிளான்_பார்ப்பவர்:

2006-இல் சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5. 3,600 × 1.5 = 5,400 சதுர அடி. உங்கள் புரோக்கர் சொல்வது 7,900. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின் 2.0 கணக்குப்படி பார்த்தாலும் 7,200-தான். படிக்கட்டு, லிஃப்ட் ரூம், கார் நிறுத்துமிடம் மாதிரி எஃப்எஸ்ஐ-யில் சேராத பகுதிகளைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: அனுமதி வாங்கியது தரைத்தளம் பார்க்கிங்கோடு இரண்டு மாடி, கட்டியது மூன்று.

கேட்க வேண்டியது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பிளானிங் பெர்மிட், மாநகராட்சி பில்டிங் பெர்மிட், சீல் வைத்த வரைபடம், நிறைவுச் சான்று. வரைபடத்தையும் டேப்பையும் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தளமாக அளந்து பாருங்கள். முன், பின், பக்கவாட்டு இடைவெளியைத்தான் முதலில் அளக்க வேண்டும், ஏனென்றால் கூடுதல் மாடியை விட இடைவெளி மீறலை முறைப்படுத்துவது கஷ்டம். 1.7.2007-க்கு முன் கட்டிய மீறல்களுக்கு நகர ஊரமைப்புச் சட்டம் 113-சி பிரிவில் வரன்முறைத் திட்டம், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு மீறலை முறைப்படுத்தும் திட்டம், வந்தது. இந்தக் கட்டடம் அந்தத் தேதிக்குள் வருகிறது. விண்ணப்பித்தார்களா, கட்டணம் கட்டினார்களா, ஆர்டர் கையில் இருக்கிறதா? 'அப்ளை பண்ணியாச்சு' என்ற ரசீது ஆர்டர் ஆகாது.

இது வெறும் பேப்பர் பயம் இல்லை. 2011 அக்டோபர் கடைசியில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் விதிமீறல் கட்டடங்களுக்குச் சீல் வைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சீல் வைத்தால் வாடகை அன்றே நின்றுவிடும், கடன் தவணை நிற்காது. பார்க்கிங்கில் கடை போட்டதுதான் ஆய்வுக்கு வருபவர் கண்ணில் முதலில் படும்.

அடுத்தது மெட்ரோ. கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடம் ஆற்காடு சாலை மேல் உயர்பாதையாகப் போகிறது. முன்பக்கத்தில் துண்டு நிலம் எடுத்திருந்தால் 3,600 என்பது பழைய பத்திரத்து அளவாக இருக்கும், இப்போது தரையில் அவ்வளவு இருக்காது. பட்டா, நில அளவைப் பதிவேடு, தரையில் அளந்தது மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இழப்பீடு யார் வாங்கினார்கள் என்பதும் பத்திரத்தில் வர வேண்டும்.

கட்டடத்தின் உடம்பு: இருபது வருஷக் கான்கிரீட். கழிப்பறைக்குக் கீழே இருக்கும் தளத்தின் அடிப்பாகம், சன்ஷேடு விளிம்பு, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உள்ள பீம் – இந்த மூன்று இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பியின் போக்கிலேயே நீளவாக்கில் வெடிப்பும் பழுப்புக் கறையும் இருந்தால் கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. மேலே பூச்சு பூசி பெயின்ட் அடித்திருந்தால் சின்னச் சுத்தியலால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும். சந்தேகம் வந்தால் கான்கிரீட்டின் தரத்தையும் கம்பியின் துருவையும் காட்டும் ரீபவுண்டு ஹாமர், அல்ட்ராசானிக், ஹாஃப் செல் சோதனை போடச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று தூணில் கோர் (துளையிட்டு எடுக்கும் கான்கிரீட் மாதிரி) எடுங்கள்.

மொட்டை மாடியில் டவர் கால்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். தூணின் தலைக்கு நேர் மேலே பீடம் கட்டி நின்றால் பரவாயில்லை. ஸ்லாபின் நடுவில் நின்றால் வாடகை வேண்டாம், டவரை எடுக்கச் சொல்லுங்கள். ஆங்கர் போல்ட் தட்டோட்டைத் துளைத்த இடத்தில்தான் மூன்றாம் மாடிக் கசிவு ஆரம்பிக்கும். வங்கியின் ஸ்ட்ராங் ரூம் முதல் மாடியில் இருக்கிறது என்றால் அந்தப் பாரத்துக்கு ஏற்ற வடிவமைப்புச் சான்று வங்கியிடமே இருக்கும், நகல் கேளுங்கள்.

மழை விஷயமும் உண்டு. சாலையை மேல் மேலே போட்டு உயர்த்தியதில் பழைய கடைகளின் தரை இப்போது சாலைக்குக் கீழே போயிருக்கும். மின் பேனல் போர்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சம்ப் மூடி வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே வருமா – இதை வாட்ச்மேனிடம் கேளுங்கள், உரிமையாளரிடம் அல்ல.

---

மூலப்பத்திரம்:

வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்றால் வாடகைதாரர் பக்கம் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். பதிவான ஆவணம் மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். 11 மாத ஒப்பந்தம், 20 ரூபாய்த் தாளில் எழுதிய போக்கியம், வாய்மொழி வாடகை எதுவும் அதில் தெரியாது. வங்கிக் குத்தகை ஓராண்டுக்கு மேற்பட்டது, அது பதிவாகி வில்லங்கத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் ஒப்பந்தத்தைப் பதிவே செய்யவில்லை, அல்லது பழைய காலம் முடிந்து புதுப்பிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், 1,10,000-க்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வங்கி ஒப்பந்தம் கிடைத்ததும் லாக்-இன் பத்தியை (எவ்வளவு காலம் யார் விலக முடியாது என்பது) பாருங்கள். பெரும்பாலும் உரிமையாளர்தான் கட்டுப்பட்டவர், வங்கி மூன்று மாத நோட்டீஸில் கிளம்பலாம். வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே ஆளிடமிருந்து வருகிறது. வாடகை உயர்வு வருஷத்துக்கு ஒரு முறையா, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையா என்பதும் அங்கேதான் இருக்கும்.

மற்றவர்களுக்கு 2017 வாடகைச் சட்டம், 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும், 11 மாதமானாலும் சரி. பதிவு எண் இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு வாடகை நீதிமன்றம் போனால் முதல் கேள்வியே அதுதான். அட்வான்ஸ் பற்றி ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம். ஊர் வழக்கமான பத்து மாத அட்வான்ஸ் இருந்தால் அது எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

அட்வான்ஸ் 22 லட்சம், போக்கியம் 12 லட்சம், ஆக 34 லட்சத்தை விலையிலிருந்து கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்க வேண்டும். வாடகைதாரர் காலி செய்யும்போது கட்டட உரிமையாளரைத்தான் கேட்பார், அன்றைக்கு அது நீங்கள். ஒவ்வொரு வாடகைதாரரிடமும் ஒரு பக்கக் கடிதம் கையெழுத்து வாங்குங்கள்: எந்தப் பகுதி, மாத வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை கட்டியாச்சு, அட்வான்ஸ் எவ்வளவு, உள்வாடகை உண்டா, புது உரிமையாளரை ஏற்கிறாரா. புரோக்கர் சொல்லும் 22 லட்சம் அந்தக் கடிதங்களில் 30 ஆகலாம். பதிவு முடிந்த அன்றே எல்லோருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். விற்பனை தெரியாமல் பழைய உரிமையாளருக்கே நல்லெண்ணத்தில் வாடகை கட்டியவரிடம் திரும்பக் கேட்க முடியாது, சொத்துரிமை மாற்றுச் சட்டம் அவரைக் காப்பாற்றும்.

சகோதரர்கள் மூவருக்கும் சொத்து எப்படி வந்தது? அப்பா உயில் எழுதினாரா, எழுதாமல் போனாரா? எழுதவில்லை என்றால் வாரிசுச் சான்றில் அம்மா, அக்கா தங்கை பெயர் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் இருப்பவர் பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்பினால் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை போட்டிருக்க வேண்டும். பத்திரம் பதியும் அன்று அவர் வீடியோவில் பேசுவது நல்லது.

---

ஆடிட்டர்_மேசை:

ஜிஎஸ்டி-யில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

புரோக்கர் சொல்லும் 43.8 லட்சத்தையே மூவருக்குப் பிரித்தாலும் ஆளுக்கு 14.6 லட்சம். 20 லட்ச வரம்புக்குக் கீழே, ஆகவே அவர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இருந்திருப்பார்கள். 10.10.2024 முதல், பதிவில்லாத உரிமையாளருக்கு வணிக வாடகை தரும் பதிவுள்ள வாடகைதாரரே (காம்போசிஷன், அதாவது சிறு வியாபாரிகள் விற்பனை மேல் குறைந்த வரி கட்டும் திட்டத்தில் இருப்பவர் தவிர) 18% நேரடியாகக் கட்டிவிடுகிறார். ஒரே ஆளாக நீங்கள் வாங்கினால் 39 லட்சம், வரம்பைத் தாண்டும், நீங்கள் பதிவு செய்து வணிகப் பகுதி வாடகை மேல் 18% போட வேண்டும். வங்கி, டவர், மருந்துக் கடைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. டியூஷன் சென்டர் ஜிஎஸ்டி-யில் இல்லை என்றால் அவருக்கு 55,000 திடீரென 64,900 ஆகும். பேக்கரி காம்போசிஷனில் இருந்தால் அவருக்கும் கட்டிய ஜிஎஸ்டி-யைத் தன் வரியில் கழித்துக்கொள்ள வழியில்லை, மாதம் 8,640 கூடுதல். அவர்கள் 'வாடகைக்குள்ளேயே எடுத்துக்கோங்க' என்பார்கள். அப்போது குறைவது உங்கள் வருமானம்.

கணவன் மனைவி சரிபாதி, பங்கு பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது என்றால் ஆளுக்கு 19.5 லட்சம். வேறு வரவு எதுவும் இல்லாவிட்டால் பதிவு தேவைப்படாது. அந்தப் பார்க்கிங் கடையையும் சேர்த்தால் 20.46 லட்சம், தாண்டிவிடும்! அடுத்த வாடகை உயர்விலும் தாண்டும். வீட்டு வாடகைக்கு வரி இல்லை, ஆனால் வரம்பைக் கணக்கிடும்போது அதுவும் சேரும். மனைவி பங்குக்கு மனைவியின் பணமே போக வேண்டும், இல்லாவிட்டால் வருமான வரியில் அது உங்கள் வருமானமாகவே சேர்க்கப்படும்.

வருமான வரியில் வாடகை 39 லட்சம், கட்டிய சொத்து வரி 2.2 கழித்து 36.8. அதில் 30% நிலையான கழிவு 11.04. மீதி 25.76. வாட்ச்மேன், லிஃப்ட், பெயின்ட் எல்லாம் அந்த 30%-க்குள் அடக்கம், தேய்மானமும் கிடையாது. வட்டி 47.5 கழித்தால் 21.74 லட்சம் நஷ்டம். புதிய வரிமுறையில் இதைச் சம்பளத்தோடு சரிக்கட்ட முடியாது. பழைய முறையில் ஆளுக்கு வருஷம் 2 லட்சம் வரைதான்.

வாங்கும்போது 1% டிடிஎஸ் என்பது உள்நாட்டு விற்பவருக்கு. இரண்டு வாங்குபவர், இரண்டு உள்நாட்டு விற்பவர் என்றால் நான்கு தனித்தனி செலுத்துச் சீட்டு. அமெரிக்கச் சகோதரரின் 3 கோடிக்கு இந்த 1% பொருந்தாது. நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு 12.5%, மேலே சர்சார்ஜும் செஸ்ஸும். அவர் வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தச் சான்று வாங்கி வராவிட்டால் முழுத் தொகை மேல் பிடிப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. பிடிக்காமல் விட்டால் துறை உங்களைத்தான் கேட்கும்.

---

மேற்கு_சென்னை:

எல்லோருக்கும் நன்றி. இன்று மின் அட்டைகளைப் பார்த்தேன். டியூஷன் சென்டர் மீட்டர் வீட்டு இணைப்பில் இருக்கிறது. பிளான் நகலில் பின்பக்கம் 'கார் பார்க்கிங்' என்றே இருக்கிறது. விற்பவர்கள் 8.4-க்கு இறங்கி வருகிறார்கள். பதிவுக்குப் பிறகு நாமே இதையெல்லாம் சரி செய்துகொள்ளலாமா?

---

மூலப்பத்திரம்:

முன்னாலேயே செய்ய வையுங்கள். விற்பனை ஒப்பந்தத்தை (தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்தாக வேண்டும்) இந்த நிபந்தனைகளோடு எழுதுங்கள்: பார்க்கிங் கடை காலியாகி ஷட்டர் எடுக்கப்பட வேண்டும். போக்கிய வீட்டுக்காரருக்கு விற்பவரே 12 லட்சம் கொடுத்துச் சாவி வாங்க வேண்டும், முடியாவிட்டால் 12 லட்சம் விலையில் கழிக்கப்படும். எல்லா வாடகைதாரர் கடிதமும் பதிவு நாளுக்கு ஒரு வாரம் முன் உங்கள் வக்கீலிடம் இருக்க வேண்டும். வரன்முறை ஆர்டர் இல்லை என்றால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும்.

டியூஷன் சென்டர் மீட்டரை விற்பவர் பெயரிலேயே வணிக இணைப்பாக மாற்றச் சொல்லுங்கள். வீட்டு இணைப்பில் வணிகம் நடந்தால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. அந்தப் பாக்கி இணைப்போடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வரும். சொத்து வரி மதிப்பீட்டிலும் அந்தத் தளம் குடியிருப்பு என்று இருக்கிறதா பார்த்துவிடுங்கள், இருந்தால் வித்தியாசத்தை முன்தேதியிட்டுக் கேட்பார்கள்.

வாடகைக்கணக்கு:

8.4 என்றால் எல்லாச் செலவும் சேர்த்து 9.24 கோடி. 28.8 லட்சத்துக்கு 3.1%. மூன்றாம் மாடி அனுமதி இல்லாதது என்று தெரிந்தால் வீடு 1-இன் 24,000-மும் போகும், அப்போது நிற்பது 26 லட்சம் சுமார். முதலில் வரன்முறை ஆர்டர் வரட்டும், பிறகு விலை பேசுங்கள்.